நீ பிணைத்த பாவும் முதலாளி விற்ற புடவையும்

என் சுசீலாக்கா,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். எய்ட்ஸ் தினத்தன்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் விழிப்புணர்வுப் பேரணி போனார்கள். அதைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? தாமோதரன் முதலாளி. உன்னை வேலையை விட்டு நிறுத்திய அதே தாமோதரன் முதலாளி. இப்போது அவர்தான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டையில் குத்திக்கொள்கிற சிவப்பு ரிப்பனை அவரே தன் செலவில் கொடுத்தார். சாதாரண ரிப்பன் கௌரவமாக இருக்காதாம். பட்டில் நெய்து, ஓரத்தில் மெல்லிசாக ஜரிகை ஓடவிட்டு, துண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருந்தார். எய்ட்ஸுக்கும் ஜரிகை போட்ட ஊர் உலகத்தில் நம் ஆரணியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பேரணி முடிந்ததும் அதைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த ரிப்பனால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

மேடையில் பேசினார். "நம்ம ஆரணி ஒழுக்கமான ஊரு. தறி நெய்ஞ்சி மானமா பொழைக்கிற குடும்பங்க. இந்த மாதிரி நோவெல்லாம் நம்ம ஊர்ல கெடையாது. வெளியூர்லேர்ந்து வராம பாத்துக்கினா போதும்" என்றார். தலைமையாசிரியை முதல் ஆளாகக் கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் தட்டினார்கள்.

நீ எந்த ஊர் அக்கா? நீ செத்தது எந்த ஊரில்?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், நெய்து முடிந்தால், அதன் மிச்ச முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். அதற்குப் பாவு பிணைப்பது என்று பெயர். தலைமுடியை விட மெல்லிய இழைகள், ஆயிரக்கணக்கில். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, இரண்டு முனைகளைச் சேர்த்து ஒரு திருகு திருகினால் ஒட்டிக்கொள்ளும். ஆரணியில் பாவு பிணைக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்கிறார்கள். நீயும் அப்படித்தான் செய்தாய், முதலாளியின் தறிகளில், கல்யாணமான நாளிலிருந்து.

"மாசாமாசம் வேலூருக்கு இன்னாத்துக்குப் போய்ட்டு வர?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். நீ ஒளிக்கவில்லை. "எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிக்கினு வரங்க" என்று சொன்னாய். அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்து அவர் மூஞ்சி போன போக்கை நடித்துக் காட்டினாய். முதலில் உன் வாயைப் பார்த்தார், அப்புறம் உன் விரலைப் பார்த்தார், அப்புறம் தறியில் நீ பாதி பிணைத்திருந்த பாவைப் பார்த்தார் என்றாய்.

"நாளைலேர்ந்து வராத. எச்சில் தொட்டு முறுக்கற வேல. முகூர்த்தப் புடவை. நாலு குடும்பத்துப் பொண்ணுங்க கட்டிக்கிறது" என்றாராம்.

"அப்ப நான் பிணைச்ச பாவையெல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று நீ கேட்டிருக்கிறாய்.

"அத நான் பாத்துக்கறேன். நீ போ."

பார்த்துக்கொண்டார். உன் எச்சில் பட்ட பாவு ஒன்றைக்கூட அவர் அறுத்துப் போடவில்லை. பாதியில் நின்றதை இன்னொருத்தியை வைத்துப் பிணைத்து முடித்தார். எல்லாவற்றையும் நெய்தார், மடித்தார், பெட்டியில் வைத்து விற்றார். சேத்துப்பட்டிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் கல்யாண வீட்டார் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களெல்லாம் இப்போது பிள்ளை குட்டிகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். நீதான் இல்லை.

வேலையை விட்டு நிறுத்தியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மற்ற தறிக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார். யாரும் உன்னைப் பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை. வேலூர் பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் உன்னை அடையாளம் கண்டு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணமங்கலம் வரைக்கும் நின்றாள் என்று நீ சொன்னபோது உன் குரலில் சிரிப்பு இருந்தது. அடுத்த மாதம் நீ போகவில்லை. மாத்திரை இலவசம்தான், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுசும் இருக்கலாம், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எவ்வளவு கெஞ்சினாலும் "யாருக்கு முழுங்கணும் ரேவு?" என்று ஒரே கேள்வி கேட்டாய்.

உனக்கு அந்த நோயைக் கொடுத்தவர் உன் புருஷன், மாமா. புடவை மூட்டையோடு ஊர் ஊராகப் போய் விற்றுவந்தவர். அவர் போனபோது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். ஆம்பளை, நாலு இடம் போனவன், உடம்பு கெட்டுவிட்டது என்று பேசி முடித்தார்கள். உனக்குப் பிள்ளை இல்லாததை அதுவரை குறை என்றவர்கள், அப்புறம் நல்லவேளை என்றார்கள். நீ போனபோது ஒரு போஸ்டர் கிடையாது. "யாராச்சும் கேட்டா மஞ்ச காமாலைன்னு சொல்லுங்க" என்று பெரியப்பா வாசலில் நின்று எல்லாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். உன்னைக் குளிப்பாட்ட வந்தவர்கள் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நானும் அம்மாவும்தான் உன்னைக் குளிப்பாட்டினோம்.

இதெல்லாம் பழைய கதை. இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது.

இந்த வருஷம் வாழ்க்கைத் திறன் கல்விப் பயிற்சிக்கு என்னைத் திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள். வேறு யாரும் போக ஒத்துக்கொள்ளாததால் அனுப்பினார்கள். பயிற்சி நன்றாகவே இருந்தது. எச்.ஐ.வி. எப்படி வரும், எப்படி வராது, எப்படித் தடுக்கலாம் என்பதை மனப்பாடம் செய்யவைக்காமல், பிள்ளைகளையே யோசிக்கவைத்து, பேசவைத்து, நடிக்கவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் பழக்க வேண்டும். ஊர் சொல்வதை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். உனக்கு நம் பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர் ஞாபகம் இருக்கிறதா? இனப்பெருக்கப் பாடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இத வீட்ல படிச்சிக்கங்க" என்றவர். நீ எந்த வீட்டில் படித்திருப்பாய்? உன் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தார்கள், நட்சத்திரம் பார்த்தார்கள். மாப்பிள்ளையை ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்ல வேண்டும் என்று நம் வீட்டில் யாருக்காவது தோன்றியதா?

பயிற்சியில் கொடுத்த கையேட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"புத்தகம் நல்லாத்தாம்மா இருக்குது. இந்த ஆணுறை, உடலுறவு, இதெல்லாம் வர பக்கத்த மட்டும் உட்டுடு."

"அத உட்டா அட்டதான் மேடம் மிஞ்சும்."

"நம்ம ஊரு குடும்பத்துப் புள்ளைங்க ரேவதி. நாமளே சொல்லிக் குடுத்துத் தூண்டி உட்ட மாதிரி ஆயிடும். தலைவர் கேட்டா நான்தான பதில் சொல்லணும்? வேண்டாம்னு சொல்லத்தானே பழக்கணும்? சாக்லேட்ட வச்சிப் பழக்கு. யாராச்சும் சாக்லேட் குடுத்தா வேண்டாம்னு சொல்லணும்னு நடிக்கச் சொல்லு."

பதினொன்றாம் வகுப்புப் பெண்களிடம் சாக்லேட். அவர்களில் சிலருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் குழந்தைகள், வீட்டுக்கு அவர்கள் கல்யாணப் பெண்கள், நடுவில் உண்மையைச் சொல்ல மட்டும் எவருக்கும் வயது போதவில்லை.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, கையேட்டில் உள்ளபடியே நடத்தத் தொடங்கினேன். முதலில் கேள்விப் பெட்டி. செருப்பு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு மேசையில் வைத்தேன். பெயர் எழுதாமல் எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். கொசு கடித்தால் வருமா என்று கேட்டிருந்தார்கள், முத்தம் கொடுத்தால் வருமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "எங்க அம்மா பாவு பிணைக்கிறாங்க. முன்னாடி ஒரு அம்மா நோயோட எச்சில் தொட்டுப் பிணைச்சி, அந்தப் புடவை கட்டினவங்களுக்கும் வந்துடுச்சாம். உண்மையா மிஸ்?"

அக்கா, நீ செத்துப்போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பொய்க்கு மட்டும் ஆயுசு கெட்டி. நீ நோயைப் பரப்பியவளாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயில் உயிரோடு இருக்கிறாய். உன்னைப் பார்த்தே இராத ஒரு பெண், தன் அம்மாவின் விரலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இல்லை, பொய் என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஒரு வரியில் வந்த பொய்யை இவர்கள் இத்தனை காலம் நம்பியிருக்கிறார்கள், ஒரு வரியில் சொன்னால் உண்மையையும் அதே மாதிரிதான் நம்புவார்கள். அதனால் நடந்ததைச் சொன்னேன். யார் பெயரும் சொல்லவில்லை. பாவு பிணைக்கிற ஒரு அம்மா, ஒரு முதலாளி, தறியில் நின்ற பாவு, அவ்வளவுதான்.

"முதலாளி ஏன் அவங்கள நிறுத்தினாரு?" என்று கேட்டேன்.

"பயந்துட்டாரு மிஸ். கட்டறவங்களுக்கு வந்துடப் போவுதுன்னு."

"சரி. பயந்த மனுஷன் அந்தம்மா பிணைச்ச பாவ இன்னா பண்ணியிருப்பாரு?"

"கொளுத்தியிருப்பாரு" என்றாள் ஒருத்தி. "தூக்கிப் போட்டிருப்பாரு" என்றாள் இன்னொருத்தி.

"கொளுத்தல. நெய்ஞ்சி வித்தாரு. எல்லாம் கல்யாணப் புடவை."

கடைசி பெஞ்சில் பவித்ரா என்று ஒருத்தி, வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். "அப்ப அவருக்கே தெரியும் மிஸ். அதுல வராதுன்னு."

"தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்கு நிறுத்தணும்?" என்று பக்கத்திலிருந்தவள் அவளைக் கேட்டாள். பவித்ரா யோசித்தாள். "துணி அவருக்கு வேணும். அவங்க வேணாம்" என்றாள்.

திருவண்ணாமலையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அப்புறம் வகுப்பு ஓடியது அக்கா. எச்சிலில் வராது, தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசுவால் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவால் வரும், தொற்றுள்ளவர் ரத்தத்தால் வரும், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டால் வரும், சிகிச்சை எடுக்காவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஆணுறை என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். கூரை இடிந்து விழவில்லை. நாலு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் சாக்லேட் இல்லாமல் நடிக்கவைத்தேன். ஒருத்தி மாப்பிள்ளையின் அப்பா, ஒருத்தி பெண். "ரெண்டு பேருமே ரத்தம் டெஸ்ட் எடுத்துக்கலாங்க, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று பெண் சொல்ல வேண்டும். முதலில் யாருக்கும் நாக்கு எழவில்லை. பாடவேளை முடிவதற்குள் சண்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

மணி அடித்தபிறகும் சிலர் போகாமல் நின்றார்கள். "அந்தம்மா இப்ப எங்க மிஸ் இருக்காங்க?" என்று கேட்டார்கள்.

"செத்துட்டாங்க. எங்க அக்கா" என்றேன்.

நீயே ஒளிக்காததை நான் எதற்கு ஒளிக்க வேண்டும்? ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உள்ளே தாமோதரன் முதலாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், முன்னால் காபி. எனக்கு நாற்காலி காட்டவில்லை.

"வகுப்புல இன்னாம்மா கத சொன்ன?" என்றார். "என்னப் பத்தி அசிங்கமா பேசினியாமே?"

"உங்க பேர நான் சொல்லலீங்களே. ஒரு முதலாளின்னுதான் சொன்னேன். ஊர்ல எத்தினி முதலாளிங்க இருக்காங்க, அவங்கள்ள ஒருத்தரும் வரல. நீங்க மட்டும் இன்னாத்துக்கு வந்தீங்க?"

காபியைக் கீழே வைத்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பேசாதே என்று. பேசாமல் இருந்தவர்களால்தானே நீ போனாய்?

"உங்க அக்கா நல்ல பொம்பள. நான் இல்லைன்னு சொல்லல" என்றார் அவர். "யாவாரம்னு ஒன்னு இருக்குது. நோவு இருக்கறவ பிணைச்சான்னு வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவான்? அதுக்காகப் பாவ அறுத்துப் போட்டா யாரு நஷ்டத்துக்கு நிப்பாங்க?"

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். அந்த எச்சில்ல நோவு வரும்னு நம்பினீங்களா, நம்பலையா? நம்பினீங்கன்னா தெரிஞ்சே கல்யாணப் பொண்ணுங்க தலைல நோவக் கட்டினீங்க. நம்பலைன்னா தெரிஞ்சே எங்க அக்கா சோத்துல கைவச்சீங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நாளைக்கு வகுப்புல அதையே சொல்லிடறேன்."

அவர் தலைமையாசிரியையைப் பார்த்து, "இவங்களுக்கு ஓய்வு வேணும்போல இருக்குதுங்க" என்றார். எவ்வளவு மரியாதையான ஆள் பார். உன்னை நிறுத்தியபோதும் குரலை உயர்த்தவில்லை என்று நீ சொன்னாய்.

அவர் மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டும். அங்கே ஒரு வேட்டியும் ஒரு சந்தனப் பொட்டும் ஒரு கணக்குப்பிள்ளை புத்தியும்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு மனுஷியின் உயிரைவிடப் பாவின் விலை கூடுதல் என்று வாய்விட்டுச் சொல்கிறவர்தான் எங்கள் பெண்களுக்கு ஒழுக்கம் பேசுகிறார். அவருக்குக் காபி வாங்கிக் கொடுக்கிறவர்தான் எங்கள் தலைமையாசிரியை.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரக் கடைசியில் பவித்ராவின் அம்மா பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பெட்டியில் அந்தக் கேள்வியைப் போட்டது பவித்ராதானாம். "பெரியவளுக்கு மாப்ள பாத்துகினு இருக்கறோம் மிஸ். ரத்தம் டெஸ்ட் பண்ணினு வாங்கன்னு எப்பிடி மிஸ் கேக்கறது? கோச்சிக்க மாட்டாங்களா?" என்றார். "ஜாதகம் கேட்டீங்க இல்ல, அதே வாயால கேளுங்க. கோச்சிக்கிற எடத்துல குடுக்காதீங்க" என்றேன். பையன் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டானாம், பெண்ணும் எடுத்துவிட்டாள். கோபித்துக்கொள்ள எதுவுமே இல்லையாம். உனக்காக ஒருவரும் கேட்காத கேள்வியை, பாவு பிணைக்கிற ஒரு பொம்பளை கேட்டுவிட்டார்.

இன்று காலை எனக்கு ஓர் ஆணை வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக மாற்றுப்பணியாம், உடனே போய்ச் சேர வேண்டுமாம். தெள்ளாருக்கு. வாழ்க்கைத் திறன் வகுப்பை இனி ஓவிய ஆசிரியை எடுப்பார். பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் வரைவார்கள். தலைமையாசிரியை ஆணையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல ஊருதாம்மா. வந்தவாசி பக்கம்" என்றார்.

இவர்களுக்கு எவ்வளவு சின்ன மூளை பார் அக்கா. உன் பேச்சை ஆரணியை விட்டு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். ஆரணியில் நாற்பது பெண்கள் அதை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை எந்த ஊருக்கு மாற்றுவார்கள்? தெள்ளாரில் இதுவரை உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அங்கேயும் பதினொன்றாம் வகுப்பு இருக்கிறது, அங்கேயும் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அங்கே கேள்விப் பெட்டியில் சீட்டு விழுகிறவரை காத்திருக்க மாட்டேன். முதல் வகுப்பிலேயே உன் பெயரைச் சொல்வேன், உனக்கு இருந்த நோயின் பெயரையும் சொல்வேன், மஞ்சள் காமாலை என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தும் மாற்றினால் அடுத்த ஊரிலும் சொல்வேன். பஸ் சார்ஜ் அரசாங்கம் தருகிறது.

எச்.ஐ.வி. இருந்த சுசீலாவின் கூடப்பிறந்த தங்கச்சி,
ரேவதி